அக்கா ஏறும் ஜீப்புக்கு எத்தனை தகடு

1

"ரெண்டு தகட்டக் கழட்டினா ஜீப் குந்திரும் மனே. குந்தின ஜீப்போட ஊருக்குள்ள போவியா நீ? பாக்கிறவன் என்ன செல்லுவான்? சரீப் வில்லுக் கட்டின வண்டியப் பாருங்க எண்டு செல்லுவான்."

"சொல்லட்டும் நானா."

"நெல்லு மூட்டை ஏத்தினா பின்பக்கம் றோட்டுல உரசும்."

"நான் மூட்டை ஏத்தல்ல. அக்காவ ஏத்தப் போறன்."

"அக்காவையா? சாய்ஞ்சகல்லாலயா?"

"ஓம்."

"முதுகுல கத்தி வச்ச பொம்புளைய?"

யாரோ சுத்தியலை இரும்பின் மேல் வைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

நான் கேட்டது இவ்வளவுதான். இந்தக் கதை இந்த ஏழெட்டு வரியிலிருந்து வந்தது என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். ஏறாவூரில் பிரதான வீதியோரம் வண்டிகளுக்கு வில்லுத் தகடு கட்டும் ஒரு பட்டறை, அதை ஒட்டி ஒரு தேநீர்க் கடை. பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். தகரச் சுவருக்கு அப்பால் இரண்டு ஆண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் என் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். பஸ் நகர்ந்த பிறகுதான் உறைத்தது: ஒருவர் தன் அக்காவின் முதுகெலும்பைப் பற்றியும் ஒரு ஜீப்பின் வில்லைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசினார். இரண்டும் அவருக்கு ஒரே விடயமாக இருந்தது.

பதிலைக் கேட்காமல் வந்ததால் அதை நானே எழுத வேண்டியதாயிற்று. பெயர்கள் நான் வைத்தவை. ‘மனே’ (மகனே) என்று கூப்பிடப்பட்ட தம்பிக்கு நிலோஜன். அவன் ‘நானா’ (அண்ணா) என்று கூப்பிட்ட பட்டறைக்காரர் சரீப். (தகரத்துக்குப் பின்னால் கேட்ட பெயர் வேறு.) அக்கா கேதீஸ்வரி. சாய்ஞ்சகல் என்ற பெயர் மட்டும் அவர்கள் சொன்னது போலவே இருக்கிறது. அந்தக் கல்லை நான் பார்த்ததில்லை. வரைபடத்தில் தேடவும் இல்லை. தேடினால் கிடைத்துவிடுமோ என்று பயம்.

2

முதல் தொடக்கம்:

மட்டக்களப்பு வாவியின் மேல் காலை வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தபோது நிலோஜன்

இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிட்டேன். வாவியைக் காட்டிக் கதையைத் தொடங்குவது எங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்களுக்குக் கைப்பழக்கம். நிலோஜன் வாவியைப் பார்க்கவில்லை. ஆரையம்பதியிலிருந்து மண்முனைப் பாலத்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகும்போதுகூட அவன் பார்த்தது பாலத்தின் இணைப்புகளைத்தான். ஒவ்வோர் இணைப்பிலும் ஜீப் ஒரு குத்துக் குத்தியது. ஒவ்வொரு குத்துக்கும் அவன் இடப்பக்கச் சீற்றைத் திரும்பிப் பார்த்தான். அதில் யாரும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்:

முதுகில் அறுவைச் சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும் கேதீஸ்வரி கேட்ட முதல் கேள்வி, மாட்ட ஆரு பாக்கிற என்பதுதான்.

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கேதீஸ்வரிக்கு ஐம்பது வயதாகப்போகிறது. கணவர் இல்லை. பிள்ளைகளும் இல்லை. இருப்பது ஒரு பட்டி மாடு. தாயிடமிருந்து வந்த மாடுகள். மட்டக்களப்புப் பக்கத்தில் சொத்துப் பெண்வழியாகத்தான் இறங்கும். மாட்டின் தொடையில் சுடும் குறியும் அப்படித்தான், தாயின் குடிக்குறி, அதாவது தாய்வழிக் குலத்தின் அடையாளம். அந்தக் குறி இருந்தால் எந்தக் காட்டில் மேய்ந்தாலும் அது கேதீஸ்வரியின் மாடு.

வட்டையில், அதாவது வயல்வெளியில், விதைப்புத் தொடங்கினால் அங்கே மாடு நிற்கக் கூடாது. விவசாயக் கூட்டத்தில் ஒரு திகதி வைப்பார்கள்; அந்தத் திகதிக்குள் மாடுகளை மேற்கே காட்டோரம் கொண்டுபோய்விட வேண்டும். பட்டிக்காரர் அங்கே வாடி (குடில்) அடித்து மாரி முழுக்கத் தங்குவார்கள். இந்தமுறை கேதீஸ்வரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால் மாடுகளைக் கொண்டுபோனது உதயரூபன். இறந்துபோன கணவரின் தம்பி.

மாரி முடிந்தது. கன்றுகளுக்குக் குறிசுடும் நாள் வைத்தாகிவிட்டது. பால் கொண்டுவருபவரிடம் உதயரூபன் சொல்லி அனுப்பினான்:

"அண்ணி வந்தா அண்ணிட குறி. வராட்டி என்ட குறி."

ஒருமுறை சுட்டால் சுட்டதுதான். மாட்டின் தோலில் போட்டதை யாராலும் அழிக்க முடியாது.

அந்தப் பட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. கம்பி பழுத்ததும் மாட்டுக்கு உடையவர் முதலில் கம்பியின் பிடியைத் தொட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு யார் சுட்டாலும் அது அவருடைய குறி.*

* எல்லாப் பட்டியிலும் இப்படியா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. இந்தப் பட்டியில் இப்படித்தான். இல்லாவிட்டால் நிலோஜன் தனியாகப் போய்க் காரியத்தை முடித்துவிடுவான், கேதீஸ்வரி வீட்டில் இருப்பாள், சரீபின் பட்டறையில் அந்தப் பேச்சே நடந்திருக்காது.

வாடிக்குப் போகும் பாதையில்தான் சாய்ஞ்சகல் கிடக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும் ஒரே பாறை. பாதை அதன் மேலாலேதான் போகும். சுற்றிப்போகிற வழி ஒன்று இருந்தது. மாரியில் ஆறு அதைத் தின்றுவிட்டது. கல்லில் ஏறி நடக்கக் கேதீஸ்வரியால் ஏலாது. உழவு இயந்திரப் பெட்டியில் போனால் எலும்பு எலும்பாகக் கழன்றுவிடும். மிச்சம் இருப்பது நிலோஜனின் ஜீப்.

டொக்டர் சொல்லியிருந்தார்: "நடக்கலாம். இருக்கலாம். குலுங்கக் கூடாது. ஒரு பெரிய குத்து விழுந்தால் போதும், உள்ளே போட்ட ஆணி அசையும். அசைந்தால் கால் செயலிழந்துவிடும், திரும்ப வராது."

3

உதயரூபனைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

முதலில் எழுதியபோது அவனுக்குச் சிவந்த கண்களும் சாராய வாடையும் கொடுத்திருந்தேன். நிலோஜன் போய்க் கேட்டதும் அவன் சிரிப்பான், அந்தச் சிரிப்பில் ஒரு

வேண்டாம். அப்படிப்பட்டவன் மாரி முழுக்க வாடியில் கிடப்பானா? யானை வந்து இரண்டுதரம் கூரையைப் பிடுங்கிய பிறகும் மாட்டை விட்டுவிட்டு ஓடாமல் இருப்பானா? கன்று ஈனக் கஷ்டப்பட்ட பசுவுக்குப் பக்கத்தில் மழையில் விடிய விடிய இருப்பானா? கன்றுகளில் பாதியாவது உயிரோடு இருப்பது அவனால்தான். மேய்த்தவனுக்குக் கன்றில் பங்கு கொடுப்பதும் புதிது அல்ல. ஆனால் எவ்வளவு பங்கு என்று யாரும் அவனிடம் பேசவில்லை. பேச வேண்டிய அண்ணன் இல்லை. அண்ணி ஆஸ்பத்திரியில்.

ஆகவே அந்தச் சந்திப்பைத் திருப்பி எழுதினேன்.

நிலோஜன் ஜீப்பை வாடிக்கு முன்னால் நிறுத்தினான். உதயரூபன் ஒரு கன்றின் காதில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தான்; எழும்பவில்லை.

"அண்ணி எப்புடி மச்சான்?"

"நடக்கிறா. கோல் பிடிச்சி."

"இஞ்ச வருவாவா?"

"அதுக்குத்தானே நான் வந்திரிக்கன்."

"நீ வந்து என்னத்துக்கு? மாடு உன்டயா? நீ நெல்லு ஏத்திற ஆள்." உண்ணியைக் கல்லில் வைத்து நசுக்கினான். "அவ ஒரு நாள் ஒரு சொல்லு அனுப்பினாவா, உதயன் நீ எப்புடி இரிக்கா எண்டு? மாடு எப்புடி எண்டு கேட்டுத்தான் சொல்லு வரும். சரி, கேக்கட்டும். அவட மாடு. அவ வந்து கம்பியத் தொட்டா நான் ஒரு கதையும் கதைக்கன். வராட்டி நான் தொடுவன். மறுகா என்னோட கோவிக்கப்படா."

"டொக்டர் ஏலா எண்டிரிக்கார்."

"அப்ப வராம இரிக்கட்டும். நானோ வரச்சொல்லிக் கைய இழுக்கன்?"

இப்படி எழுதியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் கிராம சேவகரிடம் போகலாம், பொலிஸுக்குப் போகலாம், ஊராரைக் கூட்டலாம். அவன் பக்கத்திலும் நியாயம் கிடப்பதால் அதெல்லாம் செய்ய முடியாது. கேதீஸ்வரியே போக வேண்டும். அவளே கல்லைக் கடக்க வேண்டும்.

(அவள் போகாமல் வீட்டில் இருப்பதாகவும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அவள் கதிரையில் இருந்து சுவரைப் பார்த்தாள். அடுத்த வாக்கியத்திலும் சுவரைப் பார்த்தாள். மூன்றாவது வாக்கியம் எனக்கு வரவில்லை.)

4

இனி அந்த வில்லுக்கு வருவோம். வண்டி பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன். எனக்கே விளங்க நாள் எடுத்தது.

பழைய ஜீப்பின் அச்சுகள் வளைந்த இரும்புத் தகடுகளின் மேல் இருக்கின்றன. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள். அதுதான் வில்லு. தகடு கூடினால் பாரம் தாங்கும், ஆனால் வளையாது. எங்கள் பக்கத்தில் யார் பழைய வண்டி வாங்கினாலும் முதல் வேலையாகப் பட்டறைக்குப் போய்த் தகடு கூட்டுவார்கள். மூட்டை அடுக்கிய பிறகும் பின்பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். குந்திய வண்டியைப் பார்த்து ஊர் சிரிக்கும். நிலோஜனும் கூட்டினான். கூட்டிக் கொடுத்ததும் சரீப்தான்.

நெல் மூட்டைக்கு அது சரி. மனிதர் நடக்கும் வேகத்தில் ஒரு கல்லின் மேல் ஏறுவதற்கு அது பிழை. ஒரு சில்லு (சக்கரம்) மேட்டில் ஏறும்போது மற்றச் சில்லு பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். வில்லு வளையாவிட்டால் சில்லு இறங்காது, அந்தரத்தில் தொங்கும். ஜீப் மூன்று காலில் நின்று ஒரு கணம் யோசிக்கும். பிறகு நாலாவது கால் தொப்பென்று விழும். அந்த விழுகைதான் டொக்டர் சொன்ன குத்து.

அப்படியென்றால் கழற்றிவிட வேண்டியதுதானே? நிலோஜனும் அதைத்தான் சொன்னான்.

"கூட்டினது எல்லாத்தையும் கழட்டுங்க நானா."

"கழட்டுறது ஒரு வேலையா?" சரீப் ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டினார். தாடியில் கிறீஸ். "கழட்டினா சில்லு நாலும் தன்ட பாட்டுல ஏறும், இறங்கும். அக்காக்குக் குத்தாது. நல்லம். ஆனா அந்தக் கல்லுக்கு ஏன் சாய்ஞ்சகல் எண்டு பேர் வந்த? மெல்லிய வில்லு சாயிற பக்கத்துக்கே இன்னும் சாயும். அக்கா எந்தப் பக்கம் இரிப்பா?"

"இடப்பக்கம்."

"கல்லு எந்தப் பக்கம் சாய்ஞ்சிரிக்கி?"

நிலோஜன் குனிந்து ஒரு தகட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"செல்லன் மனே. நீதானே மாசம் ரெண்டுதரம் போறாய்."

"இடப்பக்கம்."

"ஆ."

"அப்ப பின்னுக்கு வலப்பக்கம் இருத்துறன்."

"பின் சீற் அச்சுக்கு மேல. குத்து முழுக்க அங்கதான். கொண்டுபோய் இருத்து, வரக்குள்ள ஆஸ்பத்திரிக்கு நேரா ஓட்டு."

இந்த இடத்தில் நான் ஒரு குறுக்குவழி எடுக்கப் பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். இப்படி எழுதினேன்: கொழும்பிலிருந்து வந்த பெட்டியை நிலோஜன் பிரித்தான்; உள்ளே புத்தம்புதிய சுருள் வில்லுகளும், எண்ணெயும் வாயுவும் அடைத்த, ஒரு பெரிய சில்லையே முழங்கால் ஆழத்துக்கு இறக்கக்கூடிய

நிறுத்திவிட்டேன். கதை எழுதுகிறவருக்கு ஒரு வாக்கியம் போதும், சாமான் வந்து இறங்கிவிடும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் எதை வைத்தாலும் சரீபின் கேள்விக்கு அது பதில் இல்லை. எவ்வளவு நல்ல வில்லும் கல்லின் சாய்வை நிமிர்த்தாது. இறுக்கினால் குத்தும், இளக்கினால் சாயும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் கேள்வி. இடப்பக்கம் இருக்கிற ஆளையும், சாயும் கல்லையும் தெரிந்தவர்கள்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும்.

அவர்கள் தீர்மானித்தது இது. முன்னுக்கு இரண்டு தகடு கழற்றுவது, பின்னுக்கு ஒன்று. கழித்துப் போட்ட வான் வண்டி ஒன்றிலிருந்து நீளமான சொக் (அதிர்வு தாங்கும் குழாய்) எடுத்து நாலு சில்லுக்கும் மாட்டுவது. பழைய சொக் கட்டை, வில்லு வளைந்தாலும் அது சில்லை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கல்லுக்குக் கிட்டப் போனதும் ரயரில் காற்றை இறக்கி இளக்குவது.

"முன்னுக்கு மெல்லிசு, பின்னுக்குக் கொஞ்சம் முறுக்கு," என்றார் சரீப். "பின்பக்கம் முறுக்கா நிண்டாத்தான் சாயக்குள்ள அது பிடிச்சிக்கொள்ளும். விளங்கினதா? பின்பக்கம்தான் இந்த ஜீப்புக்கு இடுப்பு."

"அக்காட இடுப்பப் பத்தித்தான் எனக்குக் கவலை."

"அக்காட இடுப்பும் இதுலதான் இரிக்கி."

5

படுவான்கரையில் தயிர் கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று தெரியும். உறைந்த தயிர்ச் சட்டியைப் பாதை குலுக்கினால் தயிர் வெடித்து நீர் விடும். வாடியிலிருந்து சந்தைக்கு வருகிற தயிரைப் பார்த்தே பாதை எப்படி என்று சொல்லிவிடுவார்கள். தயிர் உடைந்திருந்தால் பாதை உடைந்திருக்கிறது.

நிலோஜன் சரீபிடம் வருவதற்கு முந்திய வாரம், தகடு கழற்றாத ஜீப்பின் இடப்பக்கச் சீற்றில் ஒரு சட்டித் தயிரை வைத்துச் சாரத்தால் (லுங்கியால்) சுற்றிக் கட்டி, சாய்ஞ்சகல்லைக் கடந்து பார்த்திருந்தான். அந்தப் பக்கம் போய்ச் சாரத்தை அவிழ்த்தபோது சட்டிக்குள் கட்டியும் தண்ணீருமாக எதுவோ மிதந்தது. அவன் கல்லின் மேல் குந்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சட்டியில் அவனுக்குத் தெரிந்தது அக்காவின் முதுகெலும்பு.

தகடு கழற்றிய பிறகு இன்னொரு சட்டி வைத்தான். இந்தமுறை சரீபும் கூட வந்தார். கல்லின் மேல் ஜீப்புக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் வழி காட்டினார். வா. வா. வலது. நில். வா. ஜீப் கிழட்டு ஆமை மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து ஊர்ந்தது. ஒரு சில்லும் தொங்கவில்லை. பாறையின் நடுவில் மழைத்தண்ணீர் அறுத்த ஓடை ஒன்று உண்டு. அதற்குள்ளும் சில்லு தடவிக்கொண்டு இறங்கித் தடவிக்கொண்டு ஏறியது. அந்த இடத்தில் ஜீப் இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, பிடித்துக்கொண்டது.

சாரத்தை அவிழ்த்தார்கள். தயிர் கண்ணாடி மாதிரி இருந்தது.

நிலோஜன் சிரித்தான். இந்தக் கதையில் அவன் சிரிக்கிற ஒரே இடம் இது.

சரீப் சிரிக்கவில்லை. "ஓடையில நிக்கக்குள்ள வலது முன் சில்லப் பாத்தியா? கல்லத் தொட்டுக்கொண்டு இரிந்த. தொட்டுக்கொண்டு மட்டும்தான் இரிந்த."

"தயிர் உடையல்லயே நானா."

"தயிருக்கென்ன. அது ஒரு சட்டி."

அந்தத் தயிரை நிலோஜன் வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தான். கேதீஸ்வரி கரண்டியால் ஒரு ஓரத்தை வெட்டிப் பார்த்தாள்.

"உடையல்ல."

"ஓம். வில்லக் கழட்டி, சொக்க மாத்தி…"

"என்னோட சேத்து ஜீப்புக்கும் ஒப்பரேசன் முடிஞ்சிதா?" சீனி போடாமலே ஒரு வாய் எடுத்து வைத்தாள். "அதாவது ஒழுங்கா நடக்குதா, இல்ல அதுக்கும் ஒரு கோல் வேணுமா?"

6

குறிசுடும் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு சரீப் விடியவே ஆரையம்பதிக்கு வந்துவிட்டார். அவர் வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. "கழட்டினவன் நான். முன்னுக்கு நடக்கிறதும் நான்தான்," என்றார்.

ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்த்ததும் அவர் நடை நின்றுவிட்டது.

ஒரு மூட்டை அரிசி. ஒரு சாக்குத் தேங்காய். பெரிய பொங்கல் பானை இரண்டு. வாழைக்குலை. உதயரூபனுக்கென்று புதுச் சாரமும் ஒரு கம்பளியும் வைத்த பை. தண்ணீர்க் கான்.

"இதெல்லாம் என்ன மனே?"

"நான் என்ன செய்ய நானா? கேக்கிறா இல்ல."

கேதீஸ்வரி கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "மாரி முழுக்கக் காட்டுக்குள்ள கிடந்த புள்ளயள். அதுகளிட்ட நான் வெறுங்கையோட போறதா? போய், சோறும் போடாம, கம்பியத் தொட்டுப்போட்டு வாறதா? பட்டிக்குப் பொங்கச் சாமான் இல்லாமப் போன பொம்புளை எங்கட குடியில இல்ல."

அதற்கு எதிராக யாரும் எதுவும் சொல்ல முடியாது. நானும் முயன்றேன். அவளை வெறுங்கையோடு ஏற்றி ஒருமுறை எழுதினேன். அது வேறு யாரோ ஒரு பெண்.

சரீப் குனிந்து பின் வில்லைப் பார்த்தார். முறுக்காக நிற்கட்டும் என்று அவர் விட்ட வில்லு தட்டையாகிக் கிடந்தது. தட்டையான வில்லுக்கு இனி வளைய இடம் இல்லை. அவர்கள் சோதித்தது வெறும் ஜீப்பை, ஒரு சட்டித் தயிரோடு. மூட்டைக்காகத் தகடு கூட்டியே பழகிய இருவரும், தகடு கழற்றிய நாளில் மூட்டையை மறந்துபோனார்கள்.

"கல்லடியில இறக்கி வைப்பம்," என்றார் மெதுவாக. "அந்தப் பக்கம் போய் மறுகா நாங்க சுமப்பம்."

"சரி," என்றான் நிலோஜன்.

 (இங்கே கல்லடி என்றால் சாய்ஞ்சகல்லின் அடி. மட்டக்களப்பு நகருக்கு அருகில் இருக்கிற கல்லடி என்ற ஊர் அல்ல. அங்கே இறக்கி வைத்தால் உதயரூபன் அடுத்த வருடம்தான் பொங்குவான்.)

கல்லின் அடிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மரங்களுக்கு மேல் வந்திருந்தது. நிலோஜன் இறங்கி ரயரில் காற்றை இறக்கினான். சரீப் பின்பக்கம் போய் அரிசி மூட்டையில் கைவைத்தார். அப்போதுதான் கேதீஸ்வரி சொன்னாள்:

"அங்க பாருங்க."

கல்லுக்கு அந்தப் பக்கம், காட்டுக்கு மேலே, புகை. சமைக்கிற புகை அல்ல. நல்ல வைரமான விறகு போட்டு, கம்பி பழுக்கவென்று எரிக்கிற, நிமிர்ந்த புகை.

"வச்சிட்டான்," என்றாள். "இறக்கி, நீங்க சுமந்து, மறுகா ஏத்தி… அதுக்குள்ள அவன் பாதிக் கண்டுக்குச் சுட்டிருவான். ஏறு தம்பி."

"ராத்தா, சாமான் பின்னுக்குப் பாரம்…" என்று கேதீஸ்வரியிடம் தொடங்கினார் சரீப்.

"பாரம் எண்டு எனக்கும் தெரியும் நானா. தம்பி, ஏறு."

நிலோஜன் சரீபைப் பார்த்தான். பிறகு புகையைப் பார்த்தான். ஏறிவிட்டான்.

ஜீப் கல்லின் மேல் முன்சில்லை வைத்தது. சரீப் முன்னால் பின்னோக்கி நடந்தார். வா. வா. நில். வா. முன்பக்கம் சொன்னபடி கேட்டது. மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, தடவித் தடவிப் போனது. பின்பக்கம் பிணம் மாதிரி இழுபட்டது. கேதீஸ்வரி ஒரு கையால் முன்கம்பியைப் பிடித்திருந்தாள். மற்றக் கை முதுகுக்குப் பின்னால்.

ஓடைக்கு வந்தார்கள். முன்சில்லுகள் இறங்கி ஏறின. பிறகு இடது பின்சில்லு ஓடைக்குள் இறங்கியது. அன்றைக்குத் தடவிக்கொண்டு இறங்கிய சில்லு, இன்றைக்கு மூட்டையின் பாரத்தோடு அமிழ்ந்தது. தேங்காய்ச் சாக்கு சரிந்து இடப்பக்கம் உருண்டது. ஜீப் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. வலது முன்சில்லு கல்லை விட்டுக் கிளம்பி, வெயிலில் மெல்லச் சுற்றியது.

"நில்! நில்! பிடி!"

நிலோஜன் பிறேக்கை மிதித்தான். சரீப் ஓடிவந்து வலப்பக்கப் படியில் பாய்ந்து ஏறி, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் வெளியே தொங்கப்போட்டார். தூக்கிய சில்லு ஒரு விரல் அளவு இறங்கி நின்றது.

இப்போது ஜீப்புக்கு முன்னால் வழி காட்ட யாரும் இல்லை. பின்னுக்குப் போக முடியாது, ஓடையின் கரை சில்லைக் கவ்வியிருக்கிறது. இறங்கச் சொல்லலாம் என்றால் கேதீஸ்வரியின் பக்கம்தான் சரிவு; அந்தப் பக்கத்து எடை கொஞ்சம் அசைந்தாலும் சரீபின் எடை தோற்றுவிடும். முன்னுக்கு மட்டும் போகலாம். பிறேக்கை விட்டால், முதல் கியரில் நிற்கிற ஜீப் முன்னுக்குச் சில்லின் அரைச்சுற்று அளவு ஊரும். இடது பின்சில்லு ஓடையிலிருந்து ஏறும். ஏறுவதற்கு முன் ஜீப் இன்னும் கொஞ்சம் சாய வேண்டும். அந்தக் கொஞ்சத்தைத் தாண்டினால் வலது முன்சில்லு கல்லில் இறங்கும். மெல்ல இறங்குமா, விழுமா என்று யாருக்கும் தெரியாது.

7

எனக்கும் தெரியாது. மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் நிலோஜன் பிறேக்கை விடுகிறான். சில்லு பூனை காலை வைப்பது போலக் கல்லில் இறங்குகிறது. கேதீஸ்வரி வாடிக்குப் போய்க் கம்பியைத் தொடுகிறாள், உதயரூபனுக்குப் பங்குக் கன்று கொடுக்கிறாள், எல்லாரும் பொங்கிச் சாப்பிடுகிறார்கள். அடுத்த நாள் வாசித்தபோது அதில் பின் வில்லு எங்கேயோ காணாமல்போயிருந்தது. அரிசி மூட்டைக்குப் பாரமே இல்லை.

இரண்டாவதில் எழுதியது: இடப்பக்கச் சட்டம் கல்லைத் தொட்டபோது வந்த சத்தம்

அதற்குப் பிறகு எழுதவில்லை.

மூன்றாவதில் எப்படியோ பின்னுக்கு எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். யாருக்கும் அடி இல்லை. பின்னால் புகை தெரிகிறது. அந்த முடிவில் கேதீஸ்வரி மண்முனைப் பாலம் வரை ஒரு சொல்லும் பேசவில்லை, பாலத்தைக் கடந்த பிறகும் பேசவில்லை. நான் எவ்வளவு காத்திருந்தும் பேசவில்லை.

பிறகு நாலாம் பகுதிக்குத் திரும்பிப் போனேன். பிழை அங்கேதான் என்று நினைத்தேன். பின்னுக்கு ஒரு தகட்டைக் கூட்டினேன். ஐந்தாம் பகுதியில் தயிர் உடைந்தது. அதைக் கழற்றி, முன்னுக்கு ஒன்றைக் கூட்டினேன். ஆறாம் பகுதியில் சில்லு ஓடைக்கு முதலே தொங்கியது. எல்லாத் தகட்டையும் கழற்றினேன். ஜீப் கல்லில் ஏறும் முன்பே குந்திவிட்டது. கடைசியில் அவர்கள் தீர்மானித்தபடியே வைத்துவிட்டேன். அதைவிடச் சரியான எண்ணிக்கை எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் நாலாம் பகுதியில் இரண்டு வரிக்கு நடுவில் இடம் இருக்கிறது.

அதுவரை நிலோஜனின் கால் பிறேக்கில்தான் இருக்கிறது. கால் அசைந்துவிடுமோ என்று அவன் தொடையைக் கையால் அழுத்திப் பிடிக்கிறான். வலப்பக்கம் தொங்குகிற சரீப் மூச்சை இழுத்து இழுத்து விடுகிறார். கம்பியில் அவருடைய விரல்கள் வெளுத்துவிட்டன.

"கை விடுது மனே," என்கிறார். "ஒண்டு செய்."

நிலோஜன் அக்காவைப் பார்க்கிறான். அவள் சரிவைப் பார்க்கவில்லை. கோலைக் காலுக்குக் கீழே போட்டுவிட்டாள். முதுகுக்குப் பின்னால் இருந்த கையையும் எடுத்து, இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்திருக்கிறாள். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு கன்று கத்துகிறது. பயத்தில் கத்துகிறதா, சுட்டுவிட்டார்களா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

"தம்பி," என்கிறாள் கேதீஸ்வரி. "நான் நல்லாப் பிடிச்சிட்டன். பிறேக்க விடு மனே."